'வந்து' போன கதை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அப்பா நலம், என் வலது குதிகாலைத் தவிர மற்றதெல்லாம் நலம். குதிகாலுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் எழுதுகிறேன், பதறாதே, எலும்பு ஒன்றும் முறியவில்லை. அந்த வானிலை நிலையத்துக் குளிரில் நீயும் உன் காற்றளக்கும் கருவிகளும் சுகமாக இருக்க வேண்டும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பினேனே, அதைக் கருவிக்குப் போர்த்தாமல் உன் காலில் போட்டுக்கொள். இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் சொன்னால் உன் அப்பா நடுவில் பிடுங்கித் தன் பங்கைப் பெரிதாக்கிவிடுவார். உன் அத்தை உன்னைக் கூப்பிட்டு, "உங்கம்மா பெரிய அதிகாரிங்க முன்னால பேச எழுந்து, பேச்சே வராம ஒரு நிமிஷம் மரம் மாதிரி நின்னுட்டா, பாவம்" என்று சொன்னாளாம். அவள் எங்கள் மருத்துவமனையிலேயே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள், ஆறாம் மாடியில் யாராவது தும்மினால் கீழே இவள் காய்ச்சல் என்று சேதி பரப்பிவிடுவாள், எதற்கும் கண் காது மூக்கு வைக்காமல் அவளால் இருக்க முடியாது. ஆனால் இந்த முறை அவள் சொன்னதில் பாதி உண்மை. மரம் மாதிரிதான் நின்றேன். ஒரு நிமிஷம் இல்லை, நாற்பது நொடி. என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

மருத்துவமனையில் எங்கள் சலவைப் பிரிவை மூடிவிட்டு, துணிகளை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது உனக்குத் தெரியும். பதினான்கு பேர், அதில் பாதிப் பேருக்கு வேறு வேலை தெரியாது, எனக்கும்தான். மேலிடம் ஒரு கூட்டம் வைத்து, உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள், ஒரே ஆள், நாலே நிமிஷம் என்று கடிதம் அனுப்பியது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவள் நான்தானே. ஆனால் பார்த்த வேகத்திலேயே எல்லோர் முகத்திலும் ஒரு கலக்கம். ஏன் என்று எனக்கும் தெரியும். போன வருஷம் கொதிகலன் மெக்கானிக் ஓய்வு பெற்றபோது பிரிவுபசாரம் பேசியது நான்தான். "நம்ம மெக்கானிக் வந்து, இருபது வருஷமா வந்து, நம்ம கூட வந்து, ஒரு குடும்பம் மாதிரி வந்து" என்று நான் பேசிக்கொண்டே போக, அந்த மனிதர் பக்கத்திலிருந்த இஸ்திரிக்காரியின் காதில், "நான் போறேன்னு கூட்டம் போட்டா இந்தம்மா வந்து வந்துன்னு கூப்பிடுதே, நான் போகவா வேண்டாமா?" என்று கேட்டாராம். அந்த இஸ்திரிக்காரி சும்மா இருப்பவளா, உலர்த்தும் இயந்திரத்தின் கதவில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டு எண்ணியிருக்கிறாள். அறுபத்திரண்டு. அன்றிலிருந்து எனக்கு 'வந்தம்மா' என்று பேர். நான் உள்ளே நுழைந்தால், "வந்தம்மா வந்தாச்சு" என்பார்கள். எழுதிப் படித்துவிடலாமே என்று நீ நினைப்பாய். அதையும் செய்து பார்த்தோம். தாளைக் கையில் எடுத்ததும் என் குரல் தானாக வார்டுக்குத் துணி ஒப்படைக்கும் குரலாக மாறிவிடுகிறது, 'எங்கள் பதினான்கு பேரின் வாழ்க்கை' என்பதைப் 'பெட்ஷீட் பதினான்கு' என்கிற மாதிரியே படிக்கிறேன் என்றார்கள். ஆகவே மனசிலிருந்துதான் பேச வேண்டும் என்று முடிவாயிற்று.

வீட்டில் கடிகாரம் வைத்துப் பேசிப் பார்த்தேன். எழுதி வைத்தது மூன்றேகால் நிமிஷம். பேசினால் ஏழரை. மீதி முழுக்க வந்து. அதாவது, சொல்ல வேண்டியதற்குப் பாதி நேரம், சொல்ல வராததற்குப் பாதி நேரம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா அப்போதுதான் ஓட்டுநர் பள்ளியிலிருந்து வந்து, சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்துப் பிழைத்தவர் அல்லவா, அவருக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் மருந்து பிரேக்தான். "வாய்க்குள்ள அந்த 'வ' உருளும்போதே பிரேக்க மிதி. வண்டி நின்னா யாரும் சாகப் போறதில்ல. எங்க போறோம்னு தெரியாம ஓடிக்கிட்டே இருந்தாத்தான் ஆபத்து" என்றார். சொன்னதோடு விட்டாரா? சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நான் ஒரு 'வந்து' சொன்னால் அவர் தரையில் ஒரு மிதி. டொம். நானும் கூடவே மிதித்து அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அடுத்த சொல் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் மறுபடி கிளம்ப வேண்டும். முதல் நாள் சாயங்காலம் சூப் கிண்ணம் நாலு தடவை மேசை விளிம்புவரை போய்வந்தது. என் குதிகால் கதை இதுதான். ஆனால் பலன் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் ஏழரை ஐந்தரையானது. அதற்குள் இன்னொரு வேடிக்கை. 'வந்து' காலி செய்த இடத்துக்கு 'அதாவது' குடி வந்தது. அதை விரட்டினால் 'இந்த இது' வந்தது. ஒரு வாடகைக்காரன் பெட்டி கட்டுவதற்குள் அடுத்தவன் படியில் சாவியோடு நிற்கிறான். அப்பா எல்லாவற்றுக்கும் சேர்த்து மிதித்தார்.

நாலாம் நாள் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுக் கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் மேலே ஏறி வந்துவிட்டார், ஒரு கண் கோழிமுட்டை அளவில் தெரிகிறது. அவர் மேசைக்கு நேர் மேலேதான் நம் சாப்பாட்டு மேசையாம், நாங்கள் மிதிக்க மிதிக்க எள்ளு அளவு திருகாணிகள் எகிறிக் குதித்துக் காணாமல் போகின்றனவாம். இதைச் சொல்லத்தான் வந்தார், ஆனால் பாவம் அவருக்கும் ஒரு வியாதி இருந்தது. "நான் என்ன சொல்றேன்னா" என்று ஆரம்பித்தார். அப்பாவின் கால் தன்னால் டொம் என்றது. அவர் திடுக்கிட்டு, "இல்ல, நான் என்ன சொல்றேன்னா" என்றார். டொம். "சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா." டொம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சமையல் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் அந்த மனிதர் மூச்சை இழுத்துப் பிடித்து, "மிதிக்காதீங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு இறங்கிப் போனார். அப்பாவுக்குக் கொள்ளாத பெருமை. "பாத்தியா, மூணே மிதி, ஆளு குணமாயிட்டாரு. நீதான் நாலு நாளா இழுத்தடிக்கிற" என்றார். அடுத்த நாளிலிருந்து இரண்டு பேர் காலடியிலும் தலையணை. உன் தலையணையும் ஒன்று, கோபித்துக்கொள்ளாதே, உறை மாற்றிவிட்டேன்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் என்னிடமிருந்து 'வந்து' அடியோடு போய்விட்டது. போனது போகட்டும், நியாயமான வந்துவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. வேன் டிரைவர் வெளியே நிற்கிறார், உள்ளே வந்து மூட்டையை எடுத்துப் போகச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், கால் மிதித்தது, சொல் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். "உள்ள... தோன்றி... எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி, "உடம்புக்கு ஏதாச்சும் முடியலையாக்கா?" என்று கேட்டார். உன் அத்தையிடம், "பஸ் கிடைச்சுச்சு, நான் இங்க ஆயிட்டேன்" என்று சொன்னேன், அன்றைக்கே அவள் எனக்கு மறதி நோய் என்று ஐந்து பேரிடம் சொல்லியிருக்கிறாள். நான் பேசுவதே குறைந்துபோனதில் அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "பிரேக்கு மட்டும்தான் கத்துக் குடுத்தேன். கிளம்பறத மறந்துடாத" என்றார். அவர் சொன்ன ஒரே உருப்படியான சொல் அதுதான், அதைத்தான் நான் கவனிக்கவில்லை.

கூட்டம் ஆறாம் மாடியில், நீள்வட்ட மேசை, ஒரு பக்கம் பேசுகிறவர் நிற்பதற்கு மரப்பலகை மேடை. மேசைக்குத் தலைமாட்டில் தலைமை அதிகாரி, அவருக்கு வலது பக்கம் நிதி அதிகாரி, இடது பக்கம் தலைமை நர்ஸ், ஓரத்தில் கைமணியும் நேரக் கடிகாரமுமாக ஒரு பெண். சுவரோரம் எங்கள் ஆட்கள் நாலு பேர், இஸ்திரிக்காரி சாக்பீஸோடு வந்திருந்தாள், கோடு போட அங்கே இடமில்லை என்று கைக்குள் வைத்துக்கொண்டாள். நான் மேடையில் ஏறினேன். முதல் நிமிஷம் நானே நம்பவில்லை மகளே, தண்ணீர் மாதிரி போயிற்று. போன மாதம் வெளிக் கம்பெனியிடம் ஒரு வாரம் சோதனைக்குத் துணி போட்டார்களே, அதைச் சொன்னேன். குழந்தைகள் வார்டுக்குப் பெட்ஷீட்டுக்குப் பதிலாக ஏதோ ஒரு ஹோட்டலின் மேசை விரிப்பு திரும்பி வந்ததையும், எலும்பு டாக்டருக்கு ஆபரேஷன் அங்கிக்குப் பதிலாகக் குளியலறை அங்கி வந்ததையும், அவர் அவசரத்தில் அதை மாட்டிக்கொண்டு பாதி வராந்தா நடந்துவிட்டதையும் சொன்னேன். ஒவ்வொரு 'வந்து' எட்டிப் பார்க்கும்போதும் கால் தானாக மிதித்தது. அங்கே தலையணை இல்லை, வெறும் பலகை. முதல் டொம்முக்குக் கண்ணாடித் தம்ளர்கள் சிணுங்கின. இரண்டாவதுக்கு மணிக்காரப் பெண் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மூன்றாவதுக்குத் தலைமை அதிகாரி தன் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார். கோபத்தில் மிதிக்கிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

அப்புறம் முக்கியமான விஷயத்துக்கு வந்தேன். அழுக்குத் துணியில் வருகிற பொருள்கள். நோயாளிகள் தலையணைக்கடியில் எதையாவது வைத்துவிட்டு மறந்துபோவார்கள், துணியோடு சுருண்டு கீழே எங்கள் மேசைக்கு வந்துவிடும். போன வருஷம் மட்டும் பல் செட்டு முப்பத்தொன்று, காது மெஷின் பதினேழு, கண்ணாடிக் கண் ஒன்று, அதைப் பார்த்துத் துணி பிரிக்கிற அக்கா மயங்கி விழுந்து மூட்டை மேலேயே கிடந்தாள். எல்லாவற்றையும் எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று தேடிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். அந்தச் சோதனை வாரத்தில் வெளியே போன நாலு பல் செட்டில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஐந்தாம் வார்டில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், ஒன்பது நாள் கஞ்சி குடித்துக்கொண்டு, பார்க்க வந்த பேத்தியிடம் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார். இதைச் சொல்லும்போது என் குரல் லேசாக உடைந்தது, மறைக்கவில்லை. நிதி அதிகாரி பேனாவை மேசையில் தட்டி, "உருக்கமாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா வெளிய குடுத்தா ஆஸ்பத்திரிக்கு என்ன நஷ்டம்? ஒரே வாக்கியத்துல சொல்லுங்க பாப்போம்" என்றார்.

அந்த ஒரே வாக்கியம் என்னிடம் இருந்தது மகளே. நாற்பது தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம். வாயைத் திறந்தேன், தொண்டையில் ஒரு பெரிய 'வந்து' வந்து நின்றது, ஓங்கி மிதித்தேன், 'வந்து' நின்றது, கூடவே எல்லாம் நின்றுவிட்டது. எஞ்சினே அணைந்துபோன மாதிரி. தலைக்குள் ஒன்றுமே இல்லை, துவைத்துப் பிழிந்து உதறிய பெட்ஷீட் மாதிரி வெள்ளை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகருவது கேட்டது. தலைமை அதிகாரியின் டையில் ஒரு பிஸ்கட் துணுக்கு ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரோரம் இஸ்திரிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். பதினான்கு பேர் வேலையும் என் வாயோரம் தொங்குகிறது, நான் பிஸ்கட் துணுக்கைப் பார்க்கிறேன். பத்து நொடி. இருபது நொடி. அறையில் ஒவ்வொருவராக நெளிய ஆரம்பித்தார்கள். நிதி அதிகாரி இருமினார். காலரைத் தளர்த்தினார். பிறகு அவரால் தாங்க முடியவில்லை, "அது வந்து, நான் கேட்டது வந்து" என்று ஆரம்பித்தார். என் கால் என்னைக் கேட்கவில்லை. டொம். அவர் துள்ளி உட்கார்ந்து, "அந்தச் சோதனை வாரத்துல எட்டுப் புகார் வந்துச்சு" என்றார். கேட்காமலே சொல்லிவிட்டார். தலைமை அதிகாரி மெதுவாகத் திரும்பி, "எட்டா? ரெண்டுன்னுதானே என்கிட்ட எழுதிக் குடுத்தீங்க?" என்றார். "அது வந்து சார்." டொம். தலைமை நர்ஸ் அதுவரை வாயே திறக்காதவர், "எட்டு இல்ல சார், இருபத்து மூணு. ஒவ்வொண்ணும் நானே எழுதி இவர் மேசையில வச்சேன்" என்றார். அதற்குள் நேரமாயிற்று என்று கைமணி அடித்தது. தலைமை அதிகாரி கையை உயர்த்தி, "மணிய வைங்கம்மா. அவங்க பேசி முடிக்கட்டும்" என்றார். பேசி முடிப்பதாவது, நான் தொடங்கவே இல்லையே! ஆனால் அந்தக் களேபரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது, வாக்கியம் கிடைத்துவிட்டது. "உங்க பல்லு எங்ககிட்ட தொலைஞ்சா கிடைச்சிடும். அவங்ககிட்ட தொலைஞ்சா தொலைஞ்சதுதான்" என்றேன். தலைமை அதிகாரியின் கை தன்னையறியாமல் வாய்க்குப் போயிற்று. அவருக்கு மேல் வரிசைப் பல் முழுக்கக் கட்டியதாம், எனக்கு எப்படித் தெரியும், பிறகு உன் அத்தை சொல்லித்தான் தெரியும்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டு வருஷத்துக்குச் சலவைப் பிரிவில் யாரும் கை வைப்பதில்லை, அதற்குப் பிறகு மறுபடி பார்ப்பார்களாம், பார்க்கட்டும். நடுங்கிக்கொண்டே ஓடுகிற மூன்றாம் நம்பர் இயந்திரத்துக்குப் புது மோட்டார். தபால்காரருக்கு மருத்துவமனையே புதுப் பல் கட்டிக் கொடுத்தது, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். இப்போது எங்கே போனாலும் என் மௌனத்தைப் பற்றித்தான் பேச்சு. இஸ்திரிக்காரி, "அக்கா, அந்த நாப்பது நொடி இருக்கே, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, அந்தாள அப்படியே வேக வச்சிட்டீங்க" என்கிறாள். ஒரு இளம் டாக்டர் இரண்டு மாடி இறங்கி வந்து, அந்த உத்தியைத் தனக்கும் சொல்லித் தரும்படி கேட்டார். நானும் ஏதோ பெரிய ரகசியம் போலப் புன்னகைத்து வைத்தேன். அது உத்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, அசல் மறதி என்பது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் தன் பிரேக்தான் ஜெயித்தது என்று ஓட்டுநர் பள்ளி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், ஆறாவது தடவையில் தேர்ச்சி பெற்ற அவருடைய மாணவி, ஒரு பேக்கரிக்காரி, அந்தச் சந்தோஷத்தில் கேக் கொண்டுவந்து கொடுத்தாள், அதையும் தன் பேச்சுப் பயிற்சிக்குக் கிடைத்த பரிசு மாதிரி நினைத்துத் தின்றார்.

இத்தனையும் எழுதியதற்கு உண்மையான காரணம் வேறு. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில், அந்த நிதி அதிகாரி இருமியதையும் காலரைத் தளர்த்தியதையும் நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன். பாலம் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் உடனே சாப்பிட்டாயா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "அம்மா, என்னன்னா" என்றாய். நான் சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னேன், அத்தையைப் பற்றிச் சொன்னேன், அங்கே ஜன்னல் சரியாக மூடுகிறதா என்று கேட்டேன். மூன்றாவது தடவை நீ, "ஒண்ணுமில்லம்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறும் எல்லாம் நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னாய். எனக்கு நடுவில் சத்தம் இல்லாவிட்டால் பயம், எதையாவது போட்டு நிரப்பிவிடுவேன், மேடையில் 'வந்து' போட்டது மாதிரிதான், உன்னிடம் குழாயும் ஜன்னலும். யாரோ ஒரு நிதி அதிகாரிக்காக நாற்பது நொடி வாயை மூடிக்கொண்டிருந்தவள், பெற்ற பெண்ணுக்காக நாலு நொடி மூடியதில்லை.

நல்ல சேதியோ, கெட்ட சேதியோ, அங்கே யாரையாவது பிடித்திருக்கிறதோ, வேலை பிடிக்கவில்லையோ, நான் எதையும் ஊகம் செய்யவில்லை, சரி, ஏழெட்டு ஊகம் செய்து வைத்திருக்கிறேன், அதை விடு. எதுவானாலும் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல், நினைத்தது கைகூடி, நிறைந்த ஆயுளோடு நீ இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். காலுறையை மறக்காதே. பச்சைக் கவரில் அனுப்பிய மாத்திரை குளிருக்கு, மஞ்சள் கவர் வயிற்றுக்கு, மாற்றிப் போட்டுக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். நான் ஹலோ சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன், அதற்கு மேல் என் பக்கத்திலிருந்து சத்தமே கேட்காது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. நான்தான், இருக்கிறேன், நீ மெதுவாகச் சொல்.

என்றும் உன் நினைவாக,
அம்மா